மாவு போட்ட பாதை

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கிறவங்க ஆறுதலா வாசிங்க.

2023ல ஒரு சனிக்கிழமை, லுஹர் தொழுதிட்டு வந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். என்னிடம் படிச்ச பொடியன் ஒருத்தன் போன் எடுத்தான்.

"சேர், ஆத்தங்கரப் பக்கம் ஒரு வெள்ளக்காரன் சந்திக்குச் சந்தி வெள்ள மாவு போட்டுக்கிட்டுப் போறான். ஆக்கள் கூடிட்டாங்க. உங்களுக்கு இங்கிலீசு தெரியும்தானே, கெதியா வாங்க."

2019க்குப் பிறகு எங்கட ஊரில் எதற்கும் பயம். தெரியாத ஆள் வந்தாலும் பயம், தெரிஞ்ச ஆள் புது ஆளோட கதைச்சாலும் பயம். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். காத்தான்குடி வாவிக்கரையில் ஒரு இருபது பேர் வட்டம் கட்டி நிக்கிறாங்க. நடுவில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர். அரைக் காற்சட்டை, சிவந்த முகம், கையில் ஒரு ஷொப்பிங் பேக். செய்வினை என்கிறார் ஒருத்தர். காணி அளக்க வந்தவன் என்கிறார் இன்னொருத்தர். ஒரு உம்மா பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிட்டா.

நான் கேட்டேன். அவர் பேக்கைத் திறந்து காட்டினார். கோதுமை மா. கடையில் வாங்கின ஒரு கிலோ கோதுமை மா.

அவர் சொன்ன விளக்கத்தைத்தான் முதலில் எழுதணும். ஏனெண்டால் அதைக் கேட்டபோது ஒரு ஆசிரியனாக எனக்கு அது பிடிச்சுப் போச்சு.

1938 டிசம்பரில் கோலாலம்பூரில் வேலை பார்த்த பிரித்தானியர் சிலர் ஒரு ஓட்டக் குழுவைத் தொடங்கினாங்க. அல்பர்ட் கிஸ்பர்ட் என்பவர்தான் முன்னின்றவர். வார இறுதியில் குடிச்ச தலையிடியைத் திங்கட்கிழமை வியர்வையில் கழிக்கிறது நோக்கம். அவங்க சாப்பிட்ட சாப்பாட்டு மண்டபத்துக்குப் பட்டப்பெயர் 'ஹேஷ் ஹவுஸ்'. அதனால் குழுவுக்கு 'ஹேஷ் ஹவுஸ் ஹரியர்ஸ்' என்று பெயர் வந்தது. 1942ல் சிங்கப்பூர் விழுந்த சண்டையில் கிஸ்பர்ட் இறந்துபோனார். யுத்தம் முடிஞ்சு மற்றவங்க அதைத் திரும்பத் தொடங்கினாங்க. இன்றைக்கு உலகம் முழுக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள். கொழும்பிலும் ஒன்று இருக்கு.

விளையாட்டு இப்படி. ஒருத்தர் முயல். அவர் முதலே போய் மாவால் அடையாளம் போட்டு வைப்பார். மற்றவங்க அதைத் தேடிக்கொண்டு ஓடணும், இல்லாட்டி நடக்கணும். மா என்றால் மழைக்குக் கரைஞ்சு போயிடும், சூழலுக்குக் கேடில்லை. இதில் முக்கியமான விசயம், முயல் வேணுமென்றே பிழையான பாதையும் போடுவார். முன்னால் வேகமாக ஓடுறவன் அந்தப் பாதையில் போய் முட்டித் திரும்பி வரணும். அவன் திரும்பி வாறதுக்குள்ள பின்னால் மெதுவாக வாறவங்க சேர்ந்திடுவாங்க. கடைசியில் எல்லாரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேருவாங்க. முதலாம் ஆள் என்று ஒருத்தரும் இல்லை.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை விரட்டி விரட்டி ஓட வைக்கிறவன் நான். பின்னால் வாறவனுக்காக முன்னால் போறவனைச் சுத்த விடுகிற ஒரு விளையாட்டைக் கேட்டபோது வெட்கமாகத்தான் இருந்தது.

கூட்டத்துக்கு விளக்கிச் சொன்னேன். சிரிச்சிட்டுக் கலைஞ்சு போனாங்க. "மறுகா இந்த விலைக்கு மாவ வாங்கி ரோட்டுல கொட்டுறானே, இவனுக்கு விசரா?" என்று ஒரு காக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பொருளாதார நெருக்கடி முடிஞ்ச கையோட இருந்த காலம் அது.

இனி அந்த மனிதரைப் பற்றி. பெயர் வேண்டாம். ஸ்கொட்லாந்துக்காரர். சுனாமிக்குப் பிறகு நாவலடி, கல்லடிப் பக்கம் வீடு கட்ட வந்த வெளிநாட்டவர்களோடு வந்து, ஊர் பிடிச்சுப் போய், மனைவி மௌத்தான பிறகு இங்கேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டவர். 55 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவருக்கு நம்ம அரசாங்கம் கொடுக்கிற விசா ஒன்று இருக்கு. அவர் எடுத்த நேரத்தில் 15,000 டொலர் வங்கியில் வைப்புப் போட்டு, மாதம் 1,500 டொலர் கொண்டுவரணும். பிரித்தானிய அரச பென்ஷன் இலங்கையில் இருக்கிறவங்களுக்கு வருசா வருசம் கூடாது, எடுக்கத் தொடங்கின அன்றைய தொகையிலேயே நிக்கும். அதைச் சொல்லிச் சொல்லி ஏசுவார். ஆனாலும் அவருக்கு ஒரு பென்ஷன் இருக்கு. அதற்கு மேல் கம்பனிப் பென்ஷனும் இருக்கு.

அவர் நாளை எப்படிக் கழிக்கிறார் என்பது எங்களுக்குப் புதினம். விடிய கடற்கரை நடை. பிறகு இடியப்பம், சொதி. பகலில் புத்தகம். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு நகரத்துப் பார். அங்கே அவருக்கென்று ஒரு கதிரை, பேச நாலு பேர். சனிக்கிழமை குழு நடை. ஓய்வு பெற்ற வங்கிக்காரர், தொண்டு நிறுவனப் பிள்ளைகள், கல்லடிப் பொடியன்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர். ஓடுறது குறைவு, நடக்கிறதுதான். முடிவில் பார். இடைக்கிடை செங்கலடி - பதுளை வீதியால் பஸ் ஏறி மலைநாட்டுக்குப் போய், அந்த 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமான பீக்கோ நடைபாதையில் ஒரு துண்டை நடந்து முடிச்சிட்டு வருவாங்க. 22 துண்டுகளில் ஒன்பதை முடிச்சிட்டதாகப் பெருமையாகச் சொன்னார்.

கொமெண்டில் வர முதல் நானே சொல்லிடுறேன். குடியை நான் நியாயப்படுத்த வரவில்லை. அது ஹராம், அதில் எனக்கு இரண்டாம் கதை இல்லை. சில காலையில் அவருடைய கை நடுங்குறதையும் கண்டிருக்கேன். நான் எழுத வந்தது வேறொரு வெளிநாட்டுக்காரரைப் பற்றி. என் வாப்பாவைப் பற்றி.

வாப்பா 1983ல் சவூதிக்குப் போனார். தம்மாமில் பஸ் சாரதி. 2011ல் திரும்பி வந்தார். 28 வருசம். அதில் நாங்கள் வாப்பாவோடு இருந்த நாளை எல்லாம் கூட்டினால் மூன்று வருசம் வராது. கிழக்கில் எங்கட வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். எனக்கு மூன்று ராத்தாமார். மூன்று வீடு. வேலை முடிஞ்சபோது கிடைச்ச சேவைக்காலப் பணம் மூன்றாவது வீட்டுக் கூரைக்குச் சரியாகப் போச்சு. வாப்பாவும் உம்மாவும் கடைசி ராத்தாட வீட்டுப் பின்னறையில். உம்மா 2016ல் மௌத்தாகிட்டா.

பென்ஷன் இல்லை. கூட்டாளிமாரும் இல்லை. கூட்டாளிமார் சேர்கிற வயதில் அவர் ஊரில் இல்லையே. பள்ளிக்குப் போவார், வருவார், முன் விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பார். சீனி, பிரசர் இரண்டும். நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னால், "எங்க நடக்க, ஆரோட நடக்க?" என்று கேட்பார். நாங்களும் அதுக்கு மேல் கேட்க மாட்டோம்.

அந்த மாவுச் சம்பவத்துக்கு இரண்டு கிழமைக்குப் பிறகு, நான் உதவி செய்ததுக்கு நன்றி சொல்ல வெள்ளைக்காரர் எங்கட வீடு தேடி வந்தார். நான் ராத்தாட வீட்டில் நின்றேன். விறாந்தையில் வாப்பா. அவர் படியேறும்போது என்ன நினைச்சாரோ, "அஸ்ஸலாமு அலைக்கும், கைஃப ஹாலக்?" என்றார்.

வாப்பா கதிரையை விட்டு எழும்பினார். ஒரு ஆளுக்காக அவர் அப்படி எழும்பி நான் கண்டதில்லை.

பிறகு இரண்டு பேரும் அரபியில் கதைச்சாங்க. கிதாபு அரபி இல்லை. கடைத்தெரு அரபி, பிழையும் சிரிப்பும் கலந்தது. எனக்கு ஓதல் அரபிதான் தெரியும், பாதிதான் விளங்கிச்சு. விளங்கினது இதுதான். அவர் 1984 தொடக்கம் 15 வருசம் தஹ்ரானில் குழாய்ப் பாதைப் பொறியியலாளர். வாப்பா ஓட்டின வீதி, அவர் போன வீதி, இரண்டும் ஒன்று. அல்கோபார் கடற்கரையில் எந்தச் சந்தியில் நல்ல சவர்மா என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே முடிவு. பஹ்ரைனுக்கு 1986ல் திறந்த 25 கிலோமீற்றர் பாலம் பற்றி நீளமாகக் கதைச்சாங்க. புதன்கிழமை இரவானால் வெள்ளைக்காரர் எல்லாம் அந்தப் பாலத்தால் பஹ்ரைனுக்குக் குடிக்கப் போவாங்களாம். வாப்பா பாலத்தின் வாசல் வரைக்கும் எத்தனையோ பேரை ஏத்தி இறக்கி இருக்கார். ஒரு நாளும் தாண்டவில்லை. பாஸ்போர்ட் முதலாளியின் கையில்.

ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே எண்ணெய்க்காக வேலை செய்த இரண்டு பேர். ஒருத்தருக்குப் பெயர் 'எக்ஸ்பெட்'. மற்றவருக்குப் பெயர் 'லேபர்'. அங்கே அரபிகள் எங்கட ஆக்களைக் கூப்பிடுறது 'ரஃபீக்' என்று. தோழன் என்றுதான் அர்த்தம். ஆனால் பெயர் கேட்க விருப்பமில்லாதவன் கூப்பிடுற சொல். வாப்பா அன்றைக்கே அந்த வெள்ளைக்காரரை ரஃபீக் என்று கூப்பிடத் தொடங்கினார். அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். அவருக்கு அதன் அர்த்தம் நல்லாத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை வாப்பா நடக்கப் போனார். சாரத்தோடு, பழைய சப்பாத்தோடு. மாவு அடையாளத்தை வாப்பாதான் முதலில் கண்டுபிடிப்பாராம். 28 வருசம் மணலில் பாதை பார்த்து ஓட்டின கண். மஃரிபுக்கு முதல் த்ரீவீலில் திரும்பி வந்திடுவார். மற்றவங்க பாருக்குப் போவாங்க. மூன்று மாசத்தில் சீனி இறங்கிச்சு. இரவில் பேரப்பிள்ளைகளுக்குப் பாலைவனக் கதை சொல்லத் தொடங்கினார். அந்தக் கதைகள் எனக்கே புதுசு.

பிறகு நான் செய்த பிழை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வரும்போது ஒருத்தர் தோளில் கை போட்டுக் கேட்டார். "சேர், குறை நினைக்காதீங்க. உங்கட வாப்பா வெள்ளக்காரனோட பாருக்குப் போறதா கத. நீங்க புள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆள்." நான் இல்லை என்று சொல்லியிருக்கணும். மஃரிபுக்கு வாப்பா என் பக்கத்தில் நின்று தொழுதவர் என்று சொல்லியிருக்கணும். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொன்னேன்.

"வாப்பா, இனிப் போக வாணாம். ஊர் கதைக்குது."

வாப்பா என்னைப் பார்த்தார். "சரி மகன்" என்றார். அவ்வளவுதான். முதலாளி சொன்னாலும் 28 வருசம் இப்படித்தான் "சரி" என்று சொல்லியிருப்பார் போல. அது எனக்குப் பிறகுதான் விளங்கிச்சு.

மூன்று சனிக்கிழமை போச்சு. வாப்பா கதிரைக்குத் திரும்பிட்டார். வெள்ளைக்காரர் போன் எடுத்தபோது நான் பொய் சொன்னேன், வாப்பாட முழங்கால் நோகுது என்று.

அடுத்து வந்தது போயா. போயாவுக்கு நாடு முழுக்க பார் பூட்டு. பின்னேரம் அஞ்சு மணிக்கு அவர் வாசலில் நிக்கிறார். கையில் முழங்காலுக்குப் பூசுற தைலம். எனக்கு முகத்தைப் பார்க்க ஏலவில்லை. "போயா அன்று பின்னேரம்தான் எனக்குக் கஷ்டம்" என்றார். "குடி இல்லாததால் இல்லை. எங்கே போய் யாரோடு இருக்கிறது என்று தெரியாது. குடி வீட்டிலும் இருக்கு."

இந்தச் சொல் என்னைப் பிடிச்சு உலுக்கிச்சு. அவர் பாருக்குப் போறதும், வாப்பா கதிரையில் இருக்கிறதும் ஒரே நோய்க்கு இரண்டு மருந்து. இரண்டும் சரியான மருந்து இல்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு மூன்று பேரும் கல்லடிக்குப் போனோம். 1924ல் கட்டின பழைய பாலம், லேடி மனிங் பாலம், புதுப் பாலம் வந்த பிறகு காற்று வாங்குறவங்கட இடமாகிட்டுது. முழு நிலவுக்கு மீன் பாடும் என்று எல்லாரும் சொல்வோம், போய்க் கேட்டவங்க எத்தனை பேர்? தெரிஞ்ச தோணிக்காரர் ஒருத்தர் பாலத்தடிக்குக் கொண்டுபோனார். துடுப்பை நீருக்குள் விட்டு, மேல் நுனியில் காதை வைக்கச் சொன்னார். முதலில் வெள்ளைக்காரர் வைச்சார். பிறகு வாப்பா. கன நேரம் காதை எடுக்கவே இல்லை.

காதை எடுத்திட்டு, வாப்பா அரபியில் அவரிடம் ஒரு கதை சொன்னார். எனக்கு விளங்க வேண்டிய அளவுக்கு விளங்கிச்சு.

1990 ஓகஸ்ட் 2. ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. தம்மாமில் எல்லாரும் ரேடியோவோடு. அடுத்த நாள் 3ம் திகதி வெள்ளிக்கிழமை இஷாத் தொழுகையில் எங்கட ஊர்ப் பள்ளிகளில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். நூற்றுக்கு மேற்பட்ட உயிர். அதில் ஒருத்தர் என் சாச்சா, வாப்பாட ஒரே தம்பி. வாப்பாவுக்குப் பெயர் விபரம் தெரிய ஒன்பது நாள். போக விடச் சொல்லி முதலாளியிடம் கேட்டார். யுத்தம் வருது, சாரதி வேணும் என்று பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. அந்தக் கிழமைகளில் வாப்பா பஸ்ஸில் ஏத்திக்கொண்டு போனது யாரை? வெளிநாட்டுப் பொறியியலாளர்மாரின் மனைவி பிள்ளைகளை. விமான நிலையத்துக்கு. ஊருக்கு அனுப்ப.

வெள்ளைக்காரர் பேசவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "என் மனைவியும் மகளும் அந்த ஓகஸ்ட்டில்தான் பஸ்ஸில் போனாங்க." அது வாப்பாட பஸ் என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ பஸ் ஓடியிருக்கும். ஆனால் இரண்டு பேரும் அதைத் தேடவில்லை. 1991 பெப்ரவரி 25 இரவு அல்கோபாரில் அமெரிக்கப் படை முகாமில் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் செத்த சத்தத்தை எங்கே நின்று கேட்டோம் என்றுதான் பிறகு கதைச்சாங்க.

சாச்சாட மையித்தைக் காணாத கதையை வாப்பா எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதுமில்லை. 33 வருசத்துக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரரிடம், தோணிக்குள் இருந்து சொன்னார். அந்த ஆளோடு சேராதீங்க என்றுதான் நான் தடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன். "வாப்பா, சனிக்கிழம நானும் வாறன்."

"உன்ன ஊர் கதைக்குமே" என்றார்.

"கதைக்கட்டும்."

இப்போ நடை அஸருக்குப் பிறகு தொடங்கி, வாவிக்கரையில் ஒரு பிளேன்ரீக் கடையில் முடியுது. பருப்பு வடையும் இஞ்சி போட்ட பிளேன்ரீயும். மஃரிபுக்கு நாங்கள் பள்ளிக்கு, போறவங்க பாருக்கு. அந்த ஒழுங்கைச் செய்தவர் வெள்ளைக்காரர்தான். என்னைத் தோளில் கை போட்டுக் கேட்டவரும் இப்போ வாறார். அவருக்கும் சீனி. ஊரில் வளைகுடாவால் வந்து விறாந்தையில் இருந்த ஏழு பேர் சேர்ந்திட்டாங்க. கட்டார், குவைத், ஜித்தா. பிரதான வீதியின் நடுவில் நிக்கிற பேரீச்ச மரத்தடியால் நடக்கும்போது ஆளுக்கொரு அரபு ஊர் கதைப்பாங்க.

போன வருசம் வெள்ளைக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் நின்றார். ஈரல். குடி என்ன செய்யும் என்று அன்றைக்கு அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. துணைக்கு நிக்கிறது ஆர் என்று வார்ட்டில் கேட்டபோது மகள் போனில்தான் இருந்தா, எடின்பரோவில். வாப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். "நான்தான்" என்றார். "நீங்க என்ன முறை?" என்று கேட்டாங்க. வாப்பா யோசிச்சிட்டு, "ரெண்டு பேரும் சவூதி" என்றார்.

இப்போ அவர் குடிக்கிறதில்லை என்று சொல்றார். முழுக்க நம்பவும் ஏலாது, நம்பாமலும் இருக்க ஏலாது. நடை பாதித் தூரம்தான். வாப்பாவும் அவரும் எல்லாருக்கும் பின்னால். முன்னால் ஓடுற பொடியன்கள் பிழையான பாதையில் போய் முட்டித் திரும்பி வருவாங்க. அதற்குள் இவங்க இரண்டு பேரும் சேர்ந்திடுவாங்க. நான் முயலாகிற நாளில் பிழையான பாதை கொஞ்சம் கூடத்தான் போடுவேன்.

உங்கட வீட்டு விறாந்தையிலும் ஒரு கதிரை இருக்கும். வெளிநாட்டில் உழைச்சு, வீட்டைக் கட்டித் தந்து, அந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருக்கிற ஒரு ஆள் இருப்பார். அவரிடம் பணம் எவ்வளவு அனுப்பினீங்க என்று எல்லாரும் கேட்டிருப்போம். அங்கே எந்த வீதியில் நடந்தீங்க என்று ஒருக்காக் கேட்டுப் பாருங்க. ஏலுமென்றால் பின்னேரம் கூட்டிக்கொண்டு நடங்க.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாவிக்கரை. வாப்பாமாரைக் கூட்டிக்கொண்டு வாங்க. மா நான் கொண்டு வாறன்.